கோட்டின் மேல் கிடந்த மைனஸ்

நான் படித்த பள்ளிக்கே கணக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை என்னை மேடையேற்றி, "வளர்த்த பள்ளிக்கு நன்றிக்கடன் செலுத்த வந்திருக்கும் நமது முன்னாள் மாணவி" என்று அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையில், மாறுதல் கலந்தாய்வில் காட்டிய பட்டியலில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது இது ஒன்றுதான். ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். கொமரலிங்கம் பக்கத்துப் பள்ளிக்கு ஆறு வருடம் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தவளுக்குத்தான் அந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமை தெரியும். நன்றிக்கடன் என்று அவரே சொன்ன பிறகு மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தலைமையாசிரியைதான் பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். மற்றவர்கள் அவரை மேடம் என்பார்கள். எனக்கு வாயில் டீச்சர் என்றுதான் வரும். அவர் அறையில் நாற்காலி காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே பேசுவேன். அவரும் உட்காரச் சொன்னதில்லை. ஒருநாள் வராண்டாவில் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்து, "கண்ணு, அந்த சாக்பீஸ் டப்பாவக் கொஞ்சம் எடுத்துட்டு வா" என்றார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

நான் படித்த காலத்தில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. திருத்திக் கொடுத்த விடைத்தாளை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வீட்டில் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தவர்கள். மார்க்கைப் பார்ப்பார்கள், நம்மைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். டீச்சரும் தப்புச் செய்வார் என்கிற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. நானே டீச்சர் ஆன பிறகு இந்த வழக்கம் எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

சென்ற அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தாள்களைத் திருத்திக் கொடுத்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், வாயே திறக்காதவள், முப்பத்து மூன்று வாங்கியிருந்தாள். இன்னும் இரண்டு இருந்தால் தேறியிருப்பாள். "கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்ல?" என்று, எந்தச் செலவும் இல்லாத அறிவுரையைச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, அவளுடைய அம்மா வந்து நின்றார். பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து வந்த குடும்பம். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் பிடித்து, நூல் பிசிறு, ஓட்டை, அழுக்கு எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதுதான் அந்த வேலை. அவர் நீட்டிய விடைத்தாளிலும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னங்க இது?" என்றேன்.

"எனக்குக் கணக்குத் தெரியாது டீச்சர். பக்கத்து வீட்டுப் புள்ள பேப்பரயும் வாங்கி ரெண்டையும் ட்யூப்லைட்டுல பிடிச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அவளுக்கு டிக் போட்டிருக்கிய, இவளுக்கு இன்ட்டு போட்டிருக்கிய."

"விடை ஒண்ணு கிடையாதுங்க. அந்தப் பொண்ணு மைனஸ் நாலு எழுதியிருக்கு. உங்க பொண்ணு வெறும் நாலு எழுதியிருக்கு."

"மைனஸுன்னா அந்தச் சின்னக் கோடுதான டீச்சர்? இருக்கு, பாருங்க. பேப்பர்க் கோட்டு மேலயே நூலு மாதிரி படுத்துக் கெடக்கு."

தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அச்சடித்த நீலக் கோட்டின் மேல், நீலப் பேனாவில் ஒரு மைனஸ் கிடந்தது. நாள் முழுக்க நூல் பிசிறு தேடுகிற கண்ணுக்குத் தப்பவில்லை. கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை. முகம் சுட்டது. அது வெட்கம் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது எனக்கு வந்தது அந்த அம்மாவின் மேல் கோபம்தான்.

தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். வழக்கம்போல நின்றுகொண்டே சொன்னேன்.

"தேர்ச்சிப் பட்டியல் மேல போயாச்சு கண்ணு," என்றார். "இவளுக்கு மாத்துனா நாளைக்கு ஊரே பேப்பரத் தூக்கிட்டு வந்து நிக்கும். அரையாண்டுதானே? பொதுத் தேர்வுல பாஸ் பண்ணிக்குவா. பேசி அனுப்பி வெச்சுரு."

"சரிங்க டீச்சர்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இந்த இரண்டு சொல்லையும் அந்த அறையில்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அந்த அம்மாவிடம், அரையாண்டு மார்க் பெரிய விஷயமில்லை, பொதுத் தேர்வுதான் முக்கியம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பொதுத் தேர்வு எழுத அவ இருக்க மாட்டா டீச்சர்," என்றார். "ஃபெயிலானா கம்பெனிதான்னு அவ அப்பா சொல்லிட்டாவ. திங்கக்கெழமையிலேருந்து கைமடிக்கு வரச் சொல்லி சூப்பர்வைசர்ட்ட பேசியாச்சு. பாஸுன்னு எழுதிக் கொடுத்தாத்தான் நான் அவுகட்ட பேச முடியும். ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிட்டு வந்திருக்கேன்."

கைமடி என்றால் தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற வேலை. என்னோடு பத்தாம் வகுப்பில் இருந்த பெண்களில் பாதிப்பேர் போனது அதற்குத்தான். அவர்களுடைய தாள்களில் எத்தனை மைனஸ் கோட்டின் மேல் கிடந்தனவோ, யார் பார்த்தார்கள்?

திரும்பவும் உள்ளே போனேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இல்லீங்க டீச்சர்," என்றேன். "தப்பு என்னுதுங்க. மாத்தித்தானுங்க ஆகோணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. பட்டியலுக்கு நான் கடிதம் எழுதிக்கிறேன்," என்றார். இந்தத் தடவை 'கண்ணு' சேர்க்கவில்லை.

முப்பத்து மூன்றை அடித்து முப்பத்தைந்து போட்டேன். அந்த அம்மா அதை வாங்கி, என் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். தலைமையாசிரியை சொன்னதும் பலித்தது. சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் தாளை நீட்டினார்கள். அதில் இரண்டு பேர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. வகுப்புக்குள் நுழைந்தபோது மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல் நேராகப் பலகைக்குப் போனேன். அவள் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தேன்.

"டீச்சர், ரெண்டாவது வரில ஏழு போட்டிருக்கிய. ஒம்பதுல்லா வரணும்?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து, அந்த வருடத்தில் அதுவரை நான் கேட்டிராத குரல். பலகையைப் பார்த்தேன். ஒன்பதுதான் வர வேண்டும். முழு வகுப்புக்கும் முன்னால் ஒரு சின்னப் பெண் இப்படிச் சொல்கிறாளே என்று நிஜமாகவே எரிச்சல் வந்தது. ஏழு என்பதை அழித்தேன். கண் கலங்கியிருந்ததால், ஒன்பது போட்டுவிட்டுத் திரும்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.