இரத்தினம் நின்றது ஊரப்பாக்கத்தில்

எழுத்துகள் ஏறியும் இறங்கியும் இருக்கும்; பொறுத்துப் படியுங்கள். எழுபத்து நான்கு வயதில் கற்றுக்கொண்ட எழுத்து. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் அதில் ஒரு சுகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, இரத்தினம் இறந்த செய்தி வந்தது. சாவு வீட்டில் பழைய சைக்கிள் பந்தயக்காரர்கள் பலர் இருந்தார்கள். ஒருவர் என் காதருகே, "நல்ல மனுசன்தான். ஆனா காசு வாங்கிக்கினு ரேஸ வித்துட்டான்" என்றார். அவன் விற்கவில்லை. அன்று சைக்கிள் மிதித்த உங்களில் பலருக்கும் அந்தப் பேச்சு தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய்த் திரும்பும் பந்தயம் அது. ஜெயித்தவனுக்கு ஒரு தொழிற்சாலையின் சைக்கிள் அணியில் வேலை. திரும்பும்போது நாங்கள் இருவர் மட்டும் முன்னால். எதிர்காற்றில் மாறி மாறி முன்னே போய், பின்னால் வருபவனுக்குக் காற்றை மறைத்தோம். ஊரப்பாக்கத்தில் என் செயின் கழன்றது. இரத்தினம் பத்தடி தள்ளி நின்றான்.

"போடா" என்றேன்.

"செயின மாட்டு மச்சான். கையில கிரீஸ் ஒட்டுதுன்னு பாக்கிறியே, நீ இன்னா மாப்பிள்ளையா?"

செயின் கழன்றவனை விட்டுவிட்டு ஓடக்கூடாது. எந்த நோட்டிலும் இல்லாத சட்டம், மிதித்தவர்களுக்குத் தெரியும். அதன்பின் அவன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தாம்பரத்தில் அரைச் சக்கர வித்தியாசத்தில்தான் ஜெயித்தேன்.

பந்தயக் குழுவினர் சந்தேகப்பட்டு ஒரு தாளை நீட்டினார்கள். "அவரு நின்னாரா இல்லியா? அதான் எழுதியிருக்கு." நின்றான்தானே என்று பெருமையாகக் கட்டைவிரலை வைத்தேன். 'நின்று, வேண்டுமென்றே தோற்றார்' என்று அதில் இருந்திருக்கிறது. இரத்தினத்தை அதன்பின் எந்தப் பந்தயத்திலும் சேர்க்கவில்லை. மறுபடி போய் வாயால் சொன்னேன். தாள்தான் பேசும் என்றார்கள்.

வேலையை விட்டுவிடுவதாக இரத்தினத்திடம் சொன்னேன். சிரித்தான்.

"வுட்டுட்டு? ரெண்டு பேரும் குந்திகினு ஈ ஓட்டலாமா? போய் வேலய பாரு. இன்னொரு தபா உன் செயின் அவுந்தாலும் நிப்பேன்டா."

கடைசி நூறடியில் என் தோளருகே கேட்ட அவனது மூச்சை இன்னும் காதில் வைத்திருக்கிறேன். தோற்க நினைப்பவனுக்கு அப்படி இரைக்காது.

இரத்தினம் நின்றான், முழு பலத்தோடு மிதித்தான், தோற்றான். இதையே அடுத்த வாரம் குழுவுக்கும் எழுதுவேன். மறுப்பவர்கள் எழுதி மறுக்கட்டும். இப்போது நானே படித்துக்கொள்வேன்.