மூன்றாவது சில்லு

கால் போன கதையைக் கேட்கிறவர்கள் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்கள். "மிதிவெடியோ, ஷெல்லோ?"

"டிராக்டர்" என்பேன்.

கொஞ்சம் ஏமாந்த மாதிரிப் பார்ப்பார்கள். வன்னியில் அந்தச் சண்டை வருசங்களில் கால் போவதென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவேணும். நான் நெல் மூட்டையோடு குளக்கட்டில் டிராக்டரைத் திருப்பினேன். அது சரிந்து என் மேல் விழுந்தது. பிழை என்னுடையது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

டிராக்டர் என் தொழில் இல்லை. அன்று ஒருவர் செய்த உதவிக்குக் கைமாறாக ஓட்டப் போனது. என் தொழில் கருவாட்டு யாவாரம். மோட்டார் சைக்கிளில் நாயாற்றுக்குப் போவேன். கடல்நீர் தேங்கும் களப்புக் கரையில் ஒரு தறப்பாளைக் கட்டி இரவு படுப்பேன். விடிந்ததும் மீன்காரர் கரையில் போட்டிருக்கும் வாடிகளுக்குப் போய்க் கருவாடு வாங்குவேன். இரவே போய்க் கிடந்தால்தான் நல்லது கிடைக்கும். வெயில் ஏறினால் பெரிய யாவாரிகள் டிராக்டரோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வாங்கியதை வயல் ஊர்களில் கொண்டுபோய் விற்பேன்.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, ஒட்டுசுட்டான் பக்கம் கொட்டில் போட்டிருந்தோம். கால் போனபிறகு அந்தக் கொட்டிலுக்குள் ஆறு மாதம் கிடந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். குடிப்பேன். திரும்பிப் படுப்பேன்.

மனைவியின் தம்பி வாகனம் திருத்துகிறவன். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு எனக்கு றோட்டுக் கரையில் ஒரு கடை போட்டுத் தருவதென்று அவன் முடிவெடுத்துவிட்டான். எட்டு முதிரைப் பலகையும் கொண்டுவந்து வாசலில் அடுக்கினான். நல்ல பலகை. நான் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த அடுக்குத்தான் தெரியும். அதைப் பார்க்காமல் இருக்க மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஒருநாள் கேட்டேன். "தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு மூண்டு சில்லு இருந்தால் விழாதுதானே?"

"விழாது அத்தான். ஆனால் ஆர் உதைச்சு ஸ்ராட் பண்ணுறது? உதைக்கிற கால்தானே உங்களுக்கு இல்லை."

"அதைப் பிறகு பாப்பம். நீ ஒட்டு."

தண்ணிக் குழாயை வளைத்து, உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் சில்லைப் பூட்டி, மீன்பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, இடது பக்கம் ஒட்டித் தந்தான். பின் பிரேக்கைக் கம்பி இழுத்துக் கைக்குக் கொண்டுவந்தான். அதற்கு சைட்கார் என்று பெயராம். நாங்கள் பெட்டி என்றோம்.

மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"நாயாற்றுக்குப் போய், ஒரு இரவு தங்கி, சாமானோடை இதிலையே திரும்பி வந்து காட்டுங்கோ. பிறகு நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஏலாட்டி இதை வித்திட்டுக் கடையிலை இருக்கவேணும்."

"சரி."

"நானும் வாறன்."

"நீ ஏன்?"

"பெட்டி சும்மாதானே போகுது."

புரட்டாசி தொடக்கத்தில் வெளிக்கிட்டோம். அப்போது எங்கள் பக்கம் பெற்றோல் மருந்துக்கும் இல்லை. எல்லா வண்டியும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் ஆறிக் கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதற்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டவேணும். ஊசி மருந்துக் குப்பி ஒன்றில் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய் போதும். ஒரு குப்பியைப் பிள்ளையைப்போல வைத்திருப்பார்கள் சனம். நானும் ஒன்று சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

மச்சான் உதைத்துவிட்டான். முள்ளியவளை வரைக்கும் நிற்பாட்டாமல் ஓடினேன். சந்தியில் எஞ்சினை ஓடவிட்டபடி தண்ணீர் குடித்தோம். சைக்கிளோடு நின்ற ஒரு கிழவர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பொம்பிளையை ஏன் மீன்பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறாய்?"

நான் வாய் திறக்கமுன் மனைவி சொன்னாள். "சந்தையிலை விலை படேல்லை ஐயா. திருப்பிக் கொண்டுபோறார்."

கிழவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு மாதத்தில் அவள் பகிடி விட்டதை அன்றுதான் கேட்டேன்.

களப்புக்கு வர வெயில் சாய்ந்துவிட்டது. முந்தி நான் படுக்கிற பாலை மரம் நின்றது. தறப்பாளின் ஒரு பக்கத்தை மரத்திலும் மற்றப் பக்கத்தைப் பெட்டியிலும் கட்டினேன். ஒற்றைக் காலில் முடிச்சுப் போடுவது அவ்வளவு கஷ்டமில்லை. விழாமல் நிற்பதுதான் கஷ்டம். அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். உதவிக்கு வரவில்லை. வரவேண்டாமென்று நான் முதலே சொல்லியிருந்தேன்.

கட்டி முடிய இடி இடித்து ஒரு மழை கொட்டியது. கால் மணித்தியாலந்தான். ஆனால் பொறுக்கி வைத்த விறகு முழுக்க நனைந்துபோனது. அவளுடைய சீலையும் நனைந்துபோனது. குளிரில் இருந்தாள்.

"நான் தேத்தண்ணி வைக்கிறன்" என்றேன்.

"நனைஞ்ச விறகு பத்தி எரியாது. விடுங்கோ. தேத்தண்ணி இல்லாமல் சாகமாட்டம்."

ஆறு மாதம் அவள் வைத்துத் தந்ததைக் குடித்தவன் நான். அன்று எனக்கு விட மனமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். எரிந்துவிட்டு அணைந்தது. குப்பியை எடுத்துக் கொஞ்சம் பெற்றோல் விட்டேன். பிடித்தது, அணைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு மிச்சத்தையும் விட்டேன். நெருப்பு நின்று எரிந்தது.

அவள் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

அந்த ஒரு சொல்லுக்காக, விடிய எஞ்சினுக்கு வேண்டியதை முழுக்க ஊற்றிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். வாடியில் ஆரிடமாவது நாலு சொட்டு வாங்கலாம் என்று நினைத்தேன்.

விடிய ஊன்றுகோலோடு வாடிக்குப் போனேன். என்னைக் கண்டதும் வாடிக்காரர் எழும்பி நின்றார்கள். செத்துப்போனேன் என்று நினைத்தார்களாம். நல்ல கருவாடாகத் தெரிந்தெடுத்து இரண்டு சாக்குக் கட்டித் தந்தார்கள். பெற்றோல் கேட்டேன்.

"பெற்றோலோ? நாங்களே வள்ளத்து எஞ்சினுக்கு மூக்காலை மணந்து பாத்துத்தான் விடுறம் அண்ணை."

சாக்கைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் கூடவந்து மாறிமாறி உதைத்தார்கள். எஞ்சின் இருமக்கூட இல்லை. கடைசியாக உதைத்தவன் வேர்வையைத் துடைத்தான். "இது அடுத்த சீசனுக்குத்தான் வெளிக்கிடும் அண்ணை." பிறகு கரையிலிருந்து வலை இழுக்கக் கூப்பிட்டார்கள், மூன்று பேரும் போய்விட்டார்கள்.

மனைவி வெறும் குப்பியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"முழுக்கவோ?"

"ஓம்."

குப்பியைத் துடைத்துச் சீலைத் தலைப்பில் முடிந்தாள்.

வெயில் ஏற ஒரு பெரிய யாவாரியின் டிராக்டர் வந்தது. ஓட்டினவன் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். நிற்பாட்டி இறங்கினான். "அண்ணை, பின்பெட்டியிலை இடமிருக்கு. இதையும் ஏத்தி உங்களையும் ஏத்திக்கொண்டு போய் வீட்டிலை இறக்கிவிடுறன். அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

நல்ல மனதோடுதான் கேட்டான். நான் நிலத்தைப் பார்த்தேன். ஏற்றினால் கதை முடிந்தது. வாசலில் எட்டுப் பலகை கிடக்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆறு மாதம் ஒரு மனிசியைப் படுத்திவிட்டு எந்த வாயால் சொல்வது.

அவள் சொன்னாள். "நீங்கள் போங்கோ தம்பி. நாங்கள் பின்னாலை வாறம்."

டிராக்டர் போய் மறைந்த பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, எங்கடை தம்பி குளிருக்கை எஞ்சின்ரை பிளக்கைக் கழட்டி நெருப்பிலை போடுறவன் எல்லோ?"

அது எனக்கும் தெரிந்த வேலைதான். ஏனோ அதுவரை நினைவு வரவில்லை. இரவு நெருப்பின் தணலை ஊதி எழுப்பி, பிளக்கைக் கழற்றி அதில் போட்டேன். அவள் கேத்தலில் தண்ணி கொதிக்கவைத்துக் காபரேட்டரின் வெளிப்பக்கத்தில் மெதுவாக ஊற்றினாள். பிளக் நன்றாகச் சூடேறியதும் துணியால் பிடித்துப் பூட்டினேன். விரல் வெந்தது. அவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தாள். நாலு முறை. அவள் பாரம் போதவில்லை. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

பிளக்கைத் திரும்பவும் தணலில் போட்டோம். இந்த முறை நான் வலது பக்கம் வந்தேன். பெட்டி பூட்டினதால் வண்டி சரியாது. ஒரு கை ஹாண்டிலில், ஒரு கை சீற்றில். கையில் தொங்கி இடது காலைத் தூக்கிக் கிக்கரில் வைத்து, உடம்பை முழுக்க அதன் மேல் விட்டேன். வழுக்கி மணலில் விழுந்தேன். வெட்டின கால் அடிபட்டுக் கண் இருண்டது.

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு அந்த அடியிலேயே நின்றாள். தூக்க வரவில்லை. முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

நானே எழும்பினேன். திரும்பவும் தொங்கினேன். மூன்றாம் உதையில் பிடித்தது. வெள்ளைப் புகை பாலை மரம் முழுக்க மூடியது. அந்த மண்ணெண்ணெய் மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அவள் சாக்குக்கு மேலே ஏறி இருந்தாள். வழி முழுக்க எஞ்சின் நின்றுவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

வீட்டு வாசலில் மச்சான் நின்றான். பலகையில் ஒன்றை அளந்துகொண்டு இருந்தான். எங்களைக் கண்டு எழும்பினான்.

"வந்திட்டியளோ? அத்தான், அப்ப கடையை என்ன செய்யிறது?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். உடம்பெல்லாம் கருவாட்டு மணம்.

"அதிலை ரெண்டு பலகையை எடுத்துப் பெட்டிக்குள்ளை அடி தம்பி" என்றாள். "இருக்க ஏலாமல் கிடக்கு. ஆணி குத்துது."