பந்திக்குப் போகாத ஞாயிறுகள்

அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை எனக்குக் கைப்பேசியில் வந்தது. படமாக. கீழே கைகூப்பிய பொம்மை ஒன்று. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான், எனக்கே இப்படியா! எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சொந்தக்காரர் வீட்டுக்கு நேரில் வந்து, எல்லோரும் உட்கார்ந்து சின்னதாக ஒரு ஜெபம் பண்ணி, அப்புறம்தான் பத்திரிகையைக் கையில் கொடுப்பார்கள். அக்கா இருக்கும் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து திருச்செங்கோட்டுக்கு வர ஏழு கடலா தாண்ட வேண்டும்? வந்த கோபத்தில் நான் கல்யாணத்துக்கே போகவில்லை. வீட்டுக்காரர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார். வந்தவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த வீட்டுப் பேச்சையே எடுக்காதீங்க என்று வாயை அடைத்துவிட்டேன்.

இதைத் தப்பு என்றே நான் நினைக்கவில்லை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, பீடத்தின் முன் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. மனதில் பகையை வைத்துக்கொண்டு அந்தப் பந்தியில் முழங்கால்படியிடக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இது வீம்பு இல்லை, வேதத்துக்குப் பயந்த நடத்தை என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்த பெண்களை நிமிர்ந்தே பார்த்தேன்.

"ஏம்புள்ள, இந்த மாசமும் பெஞ்சுக்குக் காவலா?" என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க ரோசமில்லாத ஆளு. உங்களுக்கென்னங்க தெரியும்?" என்பேன்.

அப்படி ஒரு திருவிருந்து ஞாயிறன்று வேத பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. என் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். பகுதி தெரிந்ததுதானே என்று வீட்டில் ஒருமுறை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவன் முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிற இடம். கணீரென்று வாசித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றுதான் இருந்தது. பெஞ்சில் உட்காரு என்று யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு என்மேல் குறை இருக்குமா? அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு வந்தது. வந்ததும் அக்கா மகளின் முகம் கண்ணில் நின்றது. கல்யாணத்தன்று தலையில் போடும் 'நெட்' என்கிற வெள்ளை முக்காட்டை, சித்திதான் பின் குத்திவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். பளாரென்று கன்னத்தில் அறை வாங்கியது மாதிரி இருந்தது. எப்படியோ வாசித்து முடித்தேன். பிரசங்கத்துக்குக்கூட உட்காராமல், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க. யாரைப் பாக்கோணுமுங்க?"

வாடி போடி என்றே என்னைக் கூப்பிட்டுப் பழகியவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எம்மேல என்ன குறையிருந்தாலும் சொல்லுக்கா. கேக்கத்தான் வந்தேன்."

"பத்திரிகை கொண்டாரலைன்னு கோவிச்சுக்கிட்டயே, ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டயா? முட்டி வீங்கி, பஸ்ஸுப் படி ஏற முடியாம கெடந்தேன். புள்ள நெட்டுத்துணியைக் கையில புடிச்சுக்கிட்டு, சித்தி வந்துரும் சித்தி வந்துரும்னு கோயில் வாசல்லயே நின்னுச்சு. கடைசில போட்டோ எடுக்க வந்த பொண்ணு குத்திவுட்டுச்சு."

"தப்புத்தாங்க்கா. மன்னிச்சுரு."

"கேட்டவொடனே குடுக்கறதுக்கு அதென்ன மிட்டாயா?" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். தட்டோடுதான் திரும்பி வந்தாள். சோற்றைப் போட்டவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நானும் அன்னிக்கிருந்து பந்திக்குப் போகலடி. உன்னைய மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டே எப்படிப் போறது?"

நான் நியாயஸ்தி என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை மாதமும், இவள் தன் கோயிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அடுத்த திருவிருந்துக்கு அவளைக் காரில் எங்கள் சபைக்கே கூட்டிவந்தோம். ஆயர் பந்திக்கு அழைத்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பழக்கதோஷத்தில் நான் உட்கார்ந்தே இருந்தேன். அக்கா முழங்கையால் என்னை இடித்தாள்.

"எந்திரிடி. முட்டி மடங்காது, என்னையப் புடிச்சுக்க."

பிடித்து நடத்திக்கொண்டு போனேன். அவளால் முழங்கால்படியிட முடியவில்லை, நின்றாள். நான் பக்கத்தில் முழங்கால்படியிட்டேன். அப்பத்தை வாங்க அவள் ஒரு கையைத்தான் நீட்டினாள். இன்னொரு கை, விழுந்துவிடாமல் இருக்க என் தோளைப் பிடித்திருந்தது.