யோவானின் பாஸ்ரா உபசாரம்

தேங்காய்ப்பட்டணத்துக்கு அடுத்த கடற்கரை ஊரில் யோவானைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் அவர் வீட்டுப் பக்கம் போவது கிடையாது. வெள்ளைக்காரனின் சரக்குக் கப்பலில் வெகுகாலம் பட்லராக இருந்துவிட்டு, சுதந்திரம் கிடைத்த வருஷம் ஊர் திரும்பியவர். சம்பாத்தியமாகக் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும், போன நாடுகளின் மரியாதைகளும்தான். பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது. மரியாதைகள் அப்படியே இருந்தன.

"யோக்கோஹாமாவுல குனிஞ்சு கும்பிடணும், லண்டன்ல வயசக் கேக்கப்படாது" என்று தொடங்கினால், வள்ளம் கடலுக்குப் போய்த் திரும்பினாலும் பேச்சு முடியாது. பேச்சோடு நின்றால் பாதகமில்லை; மனிதர் செய்தும் காட்டுவார். அதில்தான் மகள் லீமாவின் வாழ்வு சிக்கிக்கொண்டது. முதலில் பெண் பார்க்க வந்த கூட்டத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமனை வாசலிலேயே கட்டிப்பிடித்து, மார்செய் துறைமுக வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அடுத்து வந்தவருக்கு, வளைகுடா அரபிகளைப்போல மூக்கோடு மூக்கு உரசல். இரண்டு கூட்டமும் கை நனைக்காமலே வந்த வழி போயிற்று. பெண் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றால், அதாவது கை நனைத்தால், சம்பந்தம் உறுதி. பிடிக்காவிட்டால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். லீமாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. ஆக்கிவைத்த மீன்கறிதான் ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது.

கடியபட்டணத்து இஞ்ஞாசி தன் மகனுக்காகப் பார்க்க வருகிறார் என்றதும், யோவானின் மனைவி வியாகுலம் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள்.

"கேட்டியளா, இண்ணைக்கு முத்தம் கிடையாது, மூக்கு கிடையாது, குனியவும் வேண்டாம். வாயிலயிருந்து ஒரு நாட்டுப் பேரு வரப்படாது. இந்தக் கல்யாண ஆலோசனையும் போச்சிண்ணா நான் கடல்ல சாடிருவேன்."

"மாதா சத்தியமா ஒரு நாட்டையும் சொல்ல மாட்டேன்" என்றார் யோவான். பாவம், வாக்குத் தவறாத மனிதர். சொல்லவே இல்லை.

இஞ்ஞாசி கறாரான ஆள். ஊற்றியதை மிச்சம் வைத்தால் அந்த வீட்டைக் குறை சொன்னதாகும் என்று நம்புகிறவர். கருப்பட்டிக் காப்பியைச் சொட்டு விடாமல் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். யோவான் கெண்டியைச் சாய்த்து மறுபடி நிரப்பினார். அரபுத் துறைமுகமான பாஸ்ராவில் விருந்தாளி கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கிண்ணம் கோழிமுட்டை அளவு. இங்கே வியாகுலம் எடுத்து வைத்ததோ அவளுக்குச் சீதனமாக வந்த வெண்கலத் தம்ளர்.

"போதும் வேய்" என்றார் இஞ்ஞாசி.

ஷாங்காயில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வான். அதை நம்பி நிறுத்துகிறவன் மடையன். யோவான் ஊற்றினார். இஞ்ஞாசி குடித்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி குடித்தார். இரண்டு மரியாதைகளும் கொம்பு கோத்துக்கொண்டு நிற்க, அடுக்களையில் வியாகுலம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். இஞ்ஞாசிக்கு நெற்றி வியர்த்தது, கண் பிதுங்கியது. கடைசியில் கோபம் பொத்துக்கொண்டு வர, வேட்டியை இறுக்கியபடி எழப்போனார்.

கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது என்பது ஊர் மரியாதை. லீமா அதைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மாமா, தம்ளரக் கையில எடுத்து இப்பிடி ஆட்டுங்க. அப்பதான் அப்பா நிப்பாட்டுவாவ."

இஞ்ஞாசி ஆட்டினார். யோவான் சட்டென்று கெண்டியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் பூரிப்பு, இத்தனை காலத்தில் ஊருக்குள் மரியாதை தெரிந்தவன் ஒருத்தனாவது வந்தானே!

இஞ்ஞாசி அப்பனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளே காப்பியும் குலுங்கியது. லீமா பக்கம் திரும்பினார்.

"மக்களே, எனக்க வீட்டுலயும் கிறுக்கனுவ உண்டு, அதுல ஒருத்தன் நான்தான். மேய்க்கதுக்கு ஒன்னய மாதிரி ஒரு பிள்ளதான் இல்ல. இலையப் போடச் சொல்லு."

யோவானுக்கு எதுவும் விளங்கவில்லை. வியாகுலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். வயிற்றில் ஒரு பருக்கைக்கு இடமில்லாத இஞ்ஞாசி, மீன்கறியைச் சோற்றில் பிசைந்து, ஒரே ஒரு வாய் எடுத்து, கர்த்தரை நினைத்துக்கொண்டு விழுங்கினார்.

"இன்னும் ரெண்டு அகப்பை" என்று சோற்றோடு நீண்ட தாயின் கையை லீமா எட்டிப் பிடித்துக்கொண்டாள்.