பதினெட்டாவது வரியில் ஒரு கையெழுத்து

பொறுப்பை ஒப்படைக்கும் தாளில் இருபத்தாறு வரிகள் இருந்தன. நான் பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. என் இடத்துக்கு வந்தவள் இருபத்தைந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பதினெட்டாவதை மட்டும் விட்டுவைத்தாள்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புற இந்த ரிப்போர்ட்ட யாரு படிக்கிறாங்கக்கா?”

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த அலுவலகத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு, முழுநேர எம்.பி.ஏ. படிக்க வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை காலைக்குள் ரிலீவிங் லெட்டர் வராவிட்டால் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எல்லா வரிகளிலும் கையெழுத்து விழுந்தால்தான் மேலாளர் லெட்டர் தருவார். அன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்று.

“ஏழு வருஷமா அனுப்பறேன். சும்மா போடும்மா.”

“எங்கப்பா ஆவடி ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்காருக்கா. பாக்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட்டா அன்னிக்கு அவருக்கு சோறு எறங்காது. குவார்ட்டர்ஸ்ல வளந்ததுல எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிச்சு.”

முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு, ஏழு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை என்பது உறைத்தது. பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாகிவிட்டது.

அறிக்கை பதினோரு முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கு பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். இரண்டு பேர் பெங்களூருக்கு மாறி, வேறு வேலைகளில் இருந்தார்கள். கட்டடத்தில் மிஞ்சிய நான்கு பேரின் இருக்கைக்கே போனேன். ஒருவர் தன் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்து காட்டினார். என் மின்னஞ்சல்கள் அத்தனையும் பிரிக்கப்படாமல் தடித்த எழுத்தில் அடுக்காகக் கிடந்தன. “அட, இது நீங்கதானா!” என்றார். இன்னொருவர், அது தன் மேலதிகாரிக்காக வருகிறது என்று நினைத்திருந்தார். அந்த மேலதிகாரி, இவருக்காக வருகிறது என்று நினைத்திருந்தார். நான்காமவர் தோளைக் குலுக்கினார்.

பதினோராவது முகவரி தரைத்தளத்தில் இருக்கும் போக்குவரத்துப் பிரிவுடையது. அங்கே கம்பெனி பஸ்களை அனுப்புகிறவர் பூந்தமல்லிக்காரர்.

“இன்னா மேடம், பஸ்ஸுக்கு இப்பவே வந்துகினு கீறீங்க?”

“வெள்ளிக்கிழமை என் மெயில் வருதா அண்ணா?”

“வராம? அத்த வெச்சுத்தான் அஞ்சர வண்டிய எடுக்கவே சொல்லுவேன்.” முன்பு இருந்த ஒரு மேலாளர் சொல்லிவைத்த ஏற்பாடாம் அது: மாடியில் வேலை முடிந்தால் இந்த மெயில் வரும், வந்ததும் பஸ்ஸை விடு.

“உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?”

“எனக்கு இன்னாத்துக்கு? வந்துச்சா, உட்டேன். ஒரு வாட்டி நீங்க லீவுல போய்ட்டீங்க, எவனோ லேட்டா அனுப்பிச்சான். குமணன்சாவடி, நசரத்பேட்டை சனமெல்லாம் ஆறே முக்கா வரிக்கும் வண்டில குந்திகினு என்னிய திட்டுச்சு.”

மேலே வந்து பதினெட்டாவது வரியை மாற்றி எழுதினேன்: ‘இதை யாரும் படிப்பதில்லை. ஐந்தரை மணிப் பேருந்தை அனுப்புவதற்கு அடையாளமாகப் போக்குவரத்துப் பிரிவு பயன்படுத்துகிறது.’ அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

மேலாளர் ஒரு முறைதான் படித்தார்.

“யாரும் படிக்கிறதில்லன்னு எழுத்துல குடுத்தா, அப்ப எதுக்கு ஆளுன்னு மேல கேப்பாங்கம்மா. இந்த வரிய எடுத்துடு, இப்பவே லெட்டர் தரேன்.”

எடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பேனாவைத் தேடினேன்.

“எடுத்தா இந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்காது சார்,” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை.

மேலாளரின் மேசைத் தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

“சார், அஞ்சு நாப்பது ஆச்சு, மெயில் வர்ல. வண்டி ஃபுல்லு. எல்லாம் ஊட்டுக்குப் போவணும்னு கத்துறாங்க. உடறதா, வாணாவா?”

அறிக்கையை நான் இன்னும் அனுப்பவில்லை. மேலாளர் எங்கள் இருவரையும் பார்த்தார். “விடுங்க,” என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். முதல் வாக்கியத்தை அடித்தார். இரண்டாவதை விட்டுவைத்தார். தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“மிச்சம் இருக்கறது உண்மைதானே?”

அவள் மிச்சமிருந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்தாள்.

“உண்மைதான் சார். ஆனா திங்கக்கிழமை உங்ககிட்ட இதப் பத்தித் தனியா பேசணும்.” அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

திங்கட்கிழமை அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் கல்லூரி அலுவலகத்தில் நின்றிருந்தேன். எழுத்தர் லெட்டரில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்து, பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

“மாடில ரெண்டாவது ரூம். கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க, போங்க.”