கேற்காரர் வீட்டு ட்ரொலி

வெள்ளைமணலில் அஸீமின் வீடு எது என்று கேட்டால், "ரோசாப்பூ வைச்ச பச்சைக் கேற்" என்பார்கள். வேறு அடையாளம் யாரும் சொல்வதில்லை. அது அஸீமுக்குப் பெரிய நிம்மதி. ஏனென்றால் அந்த வீட்டில் அவனுடையது என்று சொல்ல வாசலில் நிற்கும் அந்த இரும்புக் கேற்றைத் தவிர ஒன்றும் இல்லை. வீடு மனைவி றம்ஸியாவின் வாப்பா கட்டிக் கொடுத்த சீதன வீடு. கதிரை, அலுமாரி, குசினியில் தொங்கும் அகப்பை வரைக்கும் பெண் வீட்டுச் சாமான். மூதூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவன் உடுப்புப் பெட்டி ஒன்றோடு வந்தான்.

கட்டாரில் வெல்டிங் செய்துவிட்டுத் திரும்பியதும் அவன் முதலில் செய்தது அந்தக் கேற்றைத்தான். தடித்த பைப், இரட்டைப் பூச்சு, நடுவில் தகட்டில் வெட்டி ஒட்டிய ரோசாப்பூ. வாகனம் வந்தால் முழுக் கேற்றும் திறக்கும். ஆள் போய்வர அதற்குள்ளேயே ஒரு சின்னக் கதவு. சின்னக் கதவைத் திறந்தாலும் கீழ்ச்சட்டம் அப்படியே நிற்கும். காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே வரவேண்டும். நாய் புகாது, மழை வெள்ளத்தில் குப்பை புகாது என்று அஸீம் அதற்கு விளக்கம் சொல்வான். அதைப் பார்த்து ஊரில் பலர் அதே மாதிரிக் கேற் கேட்டார்கள். பிழைப்பு அப்படித்தான் தொடங்கியது. இன்று சீனக்குடாவிலிருந்து கந்தளாய் வரைக்கும் அவனுடைய ரோசாப்பூக்கள் வாசல்களில் நிற்கின்றன.

நோன்புக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, உடுப்புக் காயப்போடும் கயிற்றில், தன்னுடைய சாரத்துக்குப் பக்கத்தில் மூன்று பைகள் தொங்குவதை அவன் கண்டான்.

"இதென்ன புள்ள?"

"ட்ரொலிட பை. கழட்டிக் கழுவிப் போட்டிரிக்கன். நீலம் மீனுக்கு. பச்சை மரக்கறிக்கு. சின்னது முட்டை, கறிவேப்பிலைக்கு."

"எங்கால ட்ரொலி?"

"பாலையூத்துல சின்னராசா அண்ணன் செஞ்சு தந்தவர்."

வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் அஸீம் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான். செய்து தந்தவர் என்றாள். செய்து தருவதற்கு அந்த வீட்டில் ஒரு ஆள் ஏற்கெனவே இருந்தான்.

றம்ஸியா மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவள். சீனக்குடாப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் அவளுடைய மீன் குழம்புக்குப் பழகிப்போனவர்கள். விடிந்ததும் பஸ் பிடித்துத் திருகோணமலைச் சந்தைக்குப் போவாள். மீன், மரக்கறி, தேங்காய் என்று இரண்டு கையும் இழுபடத் திரும்பி வருவாள். பையின் பிடி வெட்டி விரல்களில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். அதை அஸீம் கண்டிருக்கிறான். கண்டது கண்டபடி இருந்தது.

இப்போது அந்தக் கோடுகள் இல்லை. புது ட்ரொலி எலும்பு மாதிரி மெலிந்தது. அலுமினியச் சட்டம், குழந்தை வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு சில்லு. பைகள் கொழுக்கியில் தொங்கும். பஸ் வந்தால் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு நாடாவை இழுத்தால் சட்டம் குடை மாதிரி மடிந்துவிடும். மீன் பை தறப்பாள் துணி, தண்ணீர் சொட்டாது. தினமும் வீட்டுக்கு வந்ததும் அதை மட்டும் கழற்றிக் கழுவி விடுவாள். மற்ற இரண்டும் அப்படியே குசினிக்குள் போகும், அழுக்கானால்தான் அவையும் காய வரும்.

ஒரு வார்த்தை குறை சொல்ல அஸீம் காத்திருந்தான். வாய்ப்பு ஒவ்வொரு நாளும் காலையில் வந்தது. அவள் சந்தையிலிருந்து திரும்பும் நேரம் வாசலில் "டங்" என்று ஒரு சத்தம். பிறகு கறகற என்று முற்றத்தில் சில்லுச் சத்தம்.

"கேட்டியா? சில்லு சரியில்ல. கழண்ட சாமான் போட்டுச் செஞ்சா இப்படித்தான்."

"ம்ம்" என்பாள் றம்ஸியா. அந்தச் சத்தம் அஸீமுக்குக் காலைச் சாப்பாட்டோடு ஒரு கரண்டி சீனி போட்ட மாதிரி இருந்தது.

சந்தோசம் அதோடு முடிந்தது. மிச்ச நேரம் முழுக்கச் சின்னராசா அண்ணன்தான். சின்னராசா அண்ணன் சொன்னார் தேங்காயைக் கீழே வைக்கச் சொல்லி. சின்னராசா அண்ணன் கேட்டார் எந்தக் கை முதலில் நோகும் என்று.

"அதையெல்லாமா கேட்டான்?" என்றான் அஸீம்.

"கேட்டாத்தானே அளவு தெரியும்."

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவளுடைய எந்தக் கை முதலில் நோகும் என்று தான் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு பிடிக்கவில்லை. கேட்டவனைத்தான் இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

தேத்தண்ணிக் கடை முஹம்மது தம்பிக்கு இப்படியான விசயங்கள் மணந்துவிடும். "என்ன அஸீம், ஊருக்கெல்லாம் இரும்பு வேலை செய்றாய். வீட்டுக்கு மட்டும் பாலையூத்துல இருந்து வருதாமே?"

"அது விளையாட்டுச் சாமான் காக்கா. காத்தடிச்சாப் பறந்திரும்."

"பறக்கட்டும். ஒன்ட மனுசி அதப் புடிச்சிக்கிட்டுப் பறந்து வாறா. நேத்துப் பஸ்ஸால இறங்கேக்க கண்டன், சிரிச்சிக்கிட்டு வந்தா."

சிரித்துக்கொண்டு வந்தாளா? அஸீம் தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பினான்.

அன்று மத்தியானப் பார்சல்களெல்லாம் போய் றம்ஸியா களைப்பில் படுத்திருந்த நேரம், சுவரில் சாய்ந்திருந்த ட்ரொலியை அவன் முற்றத்துக்குக் கொண்டுவந்து சோதித்தான். ஒரு ஆணி கோணல். பெயின்ட் கிடையாது. ஒரு சில்லு வேறு லேசாக வளைந்திருந்தது. ஒவ்வொரு குறைக்கும் மனது குளிர்ந்தது. பிறகு நாடாவை இழுத்துப் பார்த்தான். சட்டம் சத்தமில்லாமல் மடிந்தது. மறுபடி விரித்தான், மறுபடி மடித்தான். எங்கே மூட்டு வைத்திருக்கிறான் என்று விரலை விட்டுப் பார்த்த நேரத்தில் அது மூன்றாம் முறையும் அழகாக மடிந்தது.

"விரல்ல என்ன?" என்று பின்னேரம் றம்ஸியா கேட்டாள்.

"வேலையில."

மறுநாளே தன்னுடைய ட்ரொலியைத் தொடங்கினான். ஒரு கந்தளாய் வீட்டுக் கேற் வேலை தள்ளிப் போனது. அஸீமுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: நோன்புச் சாமான் வாங்கப் போகும் நாளில் றம்ஸியா சின்னராசாவின் ட்ரொலியைச் சுவரிலேயே விட்டுவிட்டுத் அவன் செய்ததை இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஊர் பார்க்கவேண்டும். முஹம்மது தம்பி முக்கியமாகப் பார்க்கவேண்டும்.

வேலை திறமாக வந்தது. கறள் பிடிக்காத பைப், கேற் மாதிரியே பச்சைப் பூச்சு, மடிப்பதற்குக் கேற் பிணைச்சல், விரித்தது தானாக மடியாமல் இருக்க ஒரு கொண்டி. சில்லு மோட்டார் போட்டாலும் தாங்கும். பைகள் கன்வஸ் துணியில், கழற்றக்கூடியவை, மூன்றுக்குப் பதிலாக நான்கு. முன்பக்கம் ஒரு சின்ன ரோசாப்பூ.

றம்ஸியா அதைச் சுற்றிவந்து பார்த்தாள். ரோசாப்பூவைத் தொட்டாள். "நல்லா இரிக்கி" என்றாள்.

சாமான் வாங்கும் நாளில் அஸீமும் கூடவே போனான். ட்ரொலியைத் தானே தோளில் தூக்கிக் கேற்றைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனான். பஸ் வந்தது. கொண்டியை இழுத்தான், அது புதுக் கொண்டி, இறுகி நின்றது. சுத்தியல் வேண்டியிருந்தது. சுத்தியல் வீட்டில் இருந்தது. மடியாத ட்ரொலியை அவனும் இன்னொருவரும் சேர்ந்து பஸ்ஸுக்குள் ஏற்றினார்கள். கொண்டக்டர் நடைபாதையை அடைத்து நின்ற அந்தப் பச்சைச் சட்டத்தைப் பார்த்தான், ரோசாப்பூவைப் பார்த்தான்.

"நானா, கேற் வந்திட்டுது. வீடு பின்னால வருதோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. றம்ஸியா சிரிக்கவில்லை. அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் பிடித்திருந்தாள். அவளும் சிரித்திருந்தால் பரவாயில்லை என்று அஸீமுக்குத் தோன்றியது.

சாமானோடு ஓட்டோ பிடித்துத் திரும்பினார்கள். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் விடியச் சின்னராசாவின் ட்ரொலி வழக்கம்போலக் கிளம்பியது. வழக்கம்போல "டங்" என்று திரும்பியது. அஸீம் செய்தது முற்றத்தில் நல்ல வெயில் படும் இடத்தில் நின்றது. வேலை முடித்து வந்தபோது அதன் மேல் என்னவோ தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தான். நீலம், பச்சை, சின்னது. சின்னராசாவின் பைகள் அவனுடைய ட்ரொலியில் காய்ந்துகொண்டிருந்தன.

அடுத்த நாள் காலை அவன் வேலைக்குப் போகவில்லை. பாலையூற்றுக்குப் போனான். என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. ஒரு சண்டை பிடிக்கலாம் என்று மட்டும் இருந்தது.

சின்னராசாவின் வேலைக்கொட்டிலில் எங்கு பார்த்தாலும் சில்லுகள் தொங்கின. சைக்கிள் சில்லு, குழந்தை வண்டிச் சில்லு, சக்கர நாற்காலிச் சில்லு. மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு ஒல்லியான மனிதன் நிமிர்ந்து பார்த்தான். அழகன் ஒன்றும் இல்லை. அஸீமுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"வாங்கோ நானா. என்ன வேணும்?"

"ட்ரொலி" என்றான் அஸீம். வாய்க்கு வேறு ஒன்றும் வரவில்லை.

"ஆருக்கு?"

"வீட்டுக்கு."

"வீடு இழுக்காது. இழுக்கிற ஆளைச் சொல்லுங்கோ. என்ன உயரம், எந்தக் கையால இழுப்பா?"

அஸீம் யோசித்தான். றம்ஸியா தேத்தண்ணி தருவது எந்தக் கையால்? அது வலது. இழுப்பது? பின்னால் நடந்துபோய்ப் பார்த்தால்தானே தெரியும்.

"பரவாயில்ல, கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றான் சின்னராசா. "கனபேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். வெள்ளைமணல்ல இருந்து ஒரு தங்கச்சி வந்தவ, அவதான் எல்லாம் சொல்லித் தந்தது. மீன் தண்ணி வெங்காயத்தில ஊறுது, பை கழரவேணும் எண்டா. மடிச்சா பஸ் சீற்றுக்குக் கீழ போகவேணும் எண்டா. இந்தச் சாமான் என்ர மூளையில்ல நானா, அவட மூளை. நான் ஆணி அடிச்சன், அவ்வளவுதான்."

மீன் தண்ணி வெங்காயத்தில் ஊறுது. இந்த வார்த்தையை அஸீம் முன்பே கேட்டிருந்தான். கழற்றக்கூடிய பை வைத்து ஒரு ட்ரொலி செய்து தாங்க என்று குசினியிலிருந்து ஒரு குரல் கேட்டதும், கேற் வரைபடத்திலிருந்து நிமிராமல் அவன் "பாப்பம் புள்ள" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அது ஒருமுறையா, பலமுறையா? ஏலாது என்று அவன் அவளுக்கு எதற்கும் சொன்னதில்லை. பாப்பம் என்றுதான் சொல்வான்.

"அவட புருசன் என்ன செய்யிறாராம்?" என்று கேட்டான்.

"பெரிய வெல்டிங்காரராம். ஏன் பிள்ள அவரிட்டக் கேக்கேல்ல எண்டன். அவருக்குப் பெரிய பெரிய வேலை, இது சின்னச் சாமான் எண்டா. விட்டுக்குடுக்க மாட்டா." சின்னராசா ஒரு வளைந்த சில்லை எடுத்துக் காட்டினான். "இது அவட வண்டில் சில்லு, முந்திக் கழட்டினது. இப்ப போட்டதும் வளைஞ்சிருக்கும். வாசல்ல ஒரு இரும்புச் சட்டமாம், ஒவ்வொரு நாளும் தூக்கிப் போட்டுத் தாண்டவேணுமாம். சாமானோட தூக்கினா இடுப்புக்கும் கூடாது. அதை வெட்டச் சொல்லுங்கோ எண்டன். ஏலாதாம். அந்தக் கேற் எண்டா அவருக்கு உயிராம்."

தினமும் காலையில் அஸீம் சுவைத்துக் கேட்ட அந்த "டங்" சின்னராசாவின் சில்லுச் சத்தம் இல்லை. அது அவனுடைய கேற்றின் சத்தம்.

சண்டை பிடிக்க வந்த இடத்தில் வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததால், அஸீம் ஒரு சோடிக் குழந்தை வண்டிச் சில்லு வாங்கிக்கொண்டு, சின்னராசா தன் பெயர் கேட்பதற்கு முன் கிளம்பினான்.

வீட்டுக்கு வந்தபோது, நோன்பு நெருங்கிய சந்தை நெரிசலில் றம்ஸியா இன்னும் வந்து சேரவில்லை. கிரைண்டரை எடுத்தான். கேற்றின் முன்னால் குந்தி இருந்தான். சட்டம் தடித்தது, தான் வாங்கியதிலேயே நல்ல இரும்பு. நாய் வரும், குப்பை வரும் என்று மனது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. பிறகு, சின்னராசா வந்து இதைச் செய்ய ஏலாது, அவனால் ஒரு நாளும் ஏலாது என்று ஒரு எண்ணம் வந்தது. அதுதான் கையை ஓட்டியது. தீப்பொறி ரோசாப்பூ வரைக்கும் பறந்தது. வெட்டுவாயை அரத்தால் தேய்த்து, தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தான்.

றம்ஸியா வந்தாள். இடது கையால் இழுத்து வந்தாள். அஸீம் அதைப் பார்த்துக்கொண்டான். சின்னக் கதவைத் திறந்தவள், வழக்கப்படி மூச்சைப் பிடித்து ட்ரொலியைத் தூக்கிக் காலையும் உயர்த்தினாள். தாண்டுவதற்கு ஒன்றும் இல்லை. கால் பொத்தென்று நிலத்தில் விழுந்தது.

கீழே பார்த்தாள். இரண்டு பக்கமும் மினுங்கிய வெட்டுவாயைப் பார்த்தாள்.

"இதெங்க?"

"வெட்டிட்டன்."

"நாய் வருமே."

"வரட்டும்."

"ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல" என்றான் அஸீம். "நானாத்தான் கண்டன்."

றம்ஸியா அவனை நேராகப் பார்த்தாள். பிறகு, அவன் காலடியில் கிடந்த குழந்தை வண்டிச் சில்லுகளைப் பார்த்தாள். பாலையூற்றுக் கொட்டிலைத் தவிர அந்தச் சில்லு எங்கும் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். ட்ரொலியை நிலத்தில் வைத்து இழுத்தாள். அது "டங்" என்ற சத்தமில்லாமல் உள்ளே வந்தது. ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் திருப்பி வெளியே கொண்டுபோய், மறுபடி உள்ளே இழுத்து வந்தாள்.

"சின்னராசா அண்ணனிட்டச் சொல்லவேணும். இனிச் சில்லு வளையாது."

அஸீம் காலடியில் கிடந்த சில்லுகளைக் கையில் எடுத்தான்.

"என்ட ட்ரொலியையும் மெலிசாக்கித் தாறன்" என்றான். "கொண்டியக் கழட்டிட்டு நாடா போடலாம். இந்தச் சில்லப் போட்டா பாரமும் குறையும். இடது கைக்கு ஏத்த மாதிரிப் பிடி வைக்கிறன். பெருநாளுக்கு அதைக் கொண்டு போறியா?"

றம்ஸியா நீலப் பையைக் கொழுக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள்.

"பாப்பம்" என்றாள்.