விரிசல் முட்டையும் நெட்டைப் பெட்டிகளும்

புதுச்சத்திரம் கைலாசத்திடம் ஒரு பொருளை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர் குறைவு. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் வந்து இறங்கினால் மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்ப்பதோடு அவர் நிறுத்தமாட்டார். அடியிலும் ஓர் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பது மேலே இருப்பதுதானா என்று பார்ப்பார். தண்ணீர் லாரிக்காரர் எதிரிலேயே வாளியில் ஒரு கை அள்ளி முகர்வார். "கோயில்ல தீர்த்தம் குடுத்தாலும் எந்தக் கெணத்துத் தண்ணின்னு கேக்கற ஆளுங்க இவரு" என்று அவர் மனைவி கலைமணி விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. கைலாசம் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டால் என்ன தவறு என்பது அவர் கட்சி.

அவருக்குக் கண்ணைவிடக் காதின் மேல் நம்பிக்கை அதிகம். முட்டைப் பண்ணையில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. முட்டையின் ஓட்டில் மயிரிழைபோல் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முட்டைகளை ஒரே கையில் எடுத்து மெல்லத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல முட்டைகள் இரண்டும் சின்னக் கூழாங்கற்கள்போல் கணீரென்று பேசும். ஒன்றில் விரிசல் இருந்தாலும் ஓசை சொத்தென்று அமுங்கும். வாலிப வயதில் கைலாசமும் அவருடைய கூட்டாளி அர்த்தநாரியும் முட்டை அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பந்தயம் கட்டித் தட்டுவார்கள். பெரும்பாலும் அர்த்தநாரியே ஜெயிப்பார்.

பின்னாளில் அர்த்தநாரி நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்தார். தகரத்தையும் இரும்பையும் நாளெல்லாம் அடித்து நிமிர்த்தும் தொழில். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வண்டி தவறாமல் கைலாசத்தின் வாசலில் வந்து நிற்கும். முன்னறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். எதிரே, இருவரும் கோயம்புத்தூர் வரை போய் ஒரு லாரியில் ஏற்றி வந்த பழைய ஸ்பீக்கர் ஜோடி. சாயங்காலம் வரை பாட்டு. அதிலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள். புல்லாங்குழல் கச்சேரி ஒன்று இருவருக்கும் பிரியமானது. அதில் தனி ஆவர்த்தனத்தின்போது கஞ்சிராவின் விளிம்பில் கோத்த சில்லு ஒருமுறை தனியாகச் சிலிர்த்து அடங்கும். அந்த இடத்தில் அர்த்தநாரி "ஆ!" என்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த "ஆ" இடம் மாறியதில்லை.

சென்ற தை மாதத்தில் அது இடம் மாறியது. கைலாசத்தின் தலை அசைந்த பிறகு, ஒரு கணம் தாமதித்து வந்தது. அதைக் கைலாசம் கவனித்தார். அர்த்தநாரி இப்போதெல்லாம் ஸ்பீக்கர்களைப் பார்க்காமல் கைலாசத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் கவனித்தார். ஒளிக்க ஏதோ இருப்பவன்தான் அடுத்தவன் முகத்தை அப்படிப் படிப்பான் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த ஐயத்துக்குத் தீனி அடுத்த வாரமே கிடைத்தது.

"மாப்ள, இந்தப் பொட்டி மங்கிப் போச்சு" என்றார் அர்த்தநாரி. "கஞ்சிராவே காணோம். மாத்தீரு."

"நல்லாத்தானுங்க மச்சான் இருக்குது."

"உனக்குப் பழகிப் போச்சு, அதான். சேலத்துல நம்ம குமரன் இருக்கறான் பாரு, உசந்த சரக்கா வெச்சிருக்கறான். ஊட்டுக்கே கொண்டாந்து வெச்சுட்டுப் போவான். ஒரு வாரம் கேட்டுப் பாத்துட்டுச் சொல்லு."

'நம்ம குமரன்' என்பவர் யார் என்பது கைலாசத்துக்குத் தெரியும். அர்த்தநாரியின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்குத் தம்பி. சம்பந்தி வீட்டுப் பிள்ளையின் கடைக்கு ஆள் பிடித்துத் தருகிறாரா இவர்? நன்றாக இருக்கும் பெட்டியை மங்கிவிட்டது என்று சொல்வதும், கஞ்சிராவைக் காணோம் என்று கதை கட்டுவதும் அதற்குத்தானா? பெட்டி போனால் போகட்டும், வேறு வாங்கலாம். ஆனால் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருடம் உடன் கேட்ட ஒருவன் தம்மை ஏமாற்றுகிறான் என்றால், இனி எந்த ஞாயிற்றுக்கிழமையை அவரால் நம்ப முடியும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்து, "வரச் சொல்லுங்க" என்றார்.

குமரன் இரண்டு ஜோடிகளுடன் வந்தார். ஒன்று இடுப்பளவு உயரமான, தேக்கு நிறத்து நெட்டைப் பெட்டிகள். மற்றொன்று தாங்கிகளின் மேல் நிற்கும் சிறிய கறுப்புப் பெட்டிகள். தாம் கொண்டுவந்த பாட்டையே போட்டு, ஒரு ஜோடியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் காட்டினார். நெட்டைப் பெட்டிகள் அறையையே நிறைத்தன.

"எப்படிங்க சார், வித்தியாசம் தெரியுதுங்களா?"

"தெரியுது. அது சத்தமா இருக்குது, இது மெதுவா இருக்குது. வால்யூம் குமிழ் அதே எடத்துலதான நிக்குது?"

"ஆமாங்க சார். அந்தப் பொட்டி கொஞ்சம் வாய்த் துடுக்கு. அதே கரண்ட்டுக்குக் கூடுதலாப் பேசும்."

"அப்ப அதுதான் நல்லதுன்னு எவனுக்கும் தோணும். தராசுல ஒரு பக்கம் கல்லக் கட்டிட்டு நிறுத்த மாதிரி."

குமரன் சிரித்தார். கைலாசம் சிரிக்கவில்லை. குமரன் போன பிறகு, செல்போனில் ஒலியை அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, இரண்டு ஜோடியும் நாற்காலியருகே ஒரே அளவில் ஒலிக்கும்படி குமிழின் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டார். அடுத்து குமரன் விட்டுச்சென்ற பாட்டுகளை ஒதுக்கினார். எந்தப் பெட்டியில் போட்டாலும் இனிக்கும்படி பொறுக்கி எடுத்த பாட்டுகள் அவை. மாதிரிக்கென்று மூட்டையின் மேலே வைத்த சோளம்போல.

உண்மையான ஓசை எது என்று தமக்கு ஐயமின்றித் தெரிந்த ஒன்றைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ராசிபுரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் நல்ல ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி, முட்டை அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"உள்ள என்னுங்க பண்றீங்க?" என்று வெளியிலிருந்து கலைமணி கேட்டார்.

"முட்ட தட்டறேன்."

"ஊரெல்லாம் பொட்டி வாங்கிப் பாட்டுக் கேக்கறாங்க. எங்கூட்டுக்காரரு முட்ட கேக்கறாருங்க" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

நல்ல முட்டையும் விரிசல் முட்டையும் மாறி மாறித் தட்டிய அந்தப் பதிவை இரண்டு ஜோடியிலும் போட்டுக் கேட்டார். கறுப்புப் பெட்டிகள் ஒன்றையும் மறைக்கவில்லை. நல்லது நல்லதாக ஒலித்தது. விரிசல் விரிசலாக ஒலித்தது. நெட்டைப் பெட்டிகளிலோ விரிசல் முட்டைகூட ஏறக்குறைய கணீரென்றது. மேல் ஓசைகளுக்கெல்லாம் மெருகு பூசி அனுப்பும் பெட்டி அது. 'பொய் சொல்லுது' என்று கைலாசம் தீர்ப்பளித்தார். வாங்கினால் கறுப்பு, இல்லாவிட்டால் பழையதே போதும். பெட்டிகளின் விசாரணை முடிந்தது. அர்த்தநாரியின் விசாரணை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கப்பட்டது.

அன்று அர்த்தநாரி உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றார். முன்னறையின் குறுக்கே கொடி கட்டி, அதில் இரண்டு வேட்டிகள் தொங்கின. பெட்டிகள் அவற்றின் பின்னால் இருந்தன.

"என்ன மாப்ள, தோல்பாவக் கூத்தா?"

"எந்தப் பொட்டின்னு தெரியாமக் கேக்கோணும் மச்சான். அப்பத்தான் காது நாயம் பேசும். முட்ட நல்லதா, விரிசலான்னு மட்டும் சொல்லுங்க."

முதலில் கலைமணி திரைக்குப் பின்னால் நின்று ஒயர்களை மாற்றினார். கைலாசம் தம் நாற்காலியில் அர்த்தநாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அர்த்தநாரி ஒவ்வொரு தட்டுக்கும் சற்றுப் பொறுத்தே பதில் சொன்னார். ஆனால் எல்லாம் சரியாகவே சொன்னார். அந்தப் பொறுத்தல் கைலாசத்துக்குப் பிடிக்கவில்லை. மனைவியிடமிருந்து ஏதேனும் சாடை வருகிறதோ என்றுகூட ஐயுற்று, அவரை அடுக்களைக்கு அனுப்பிவிட்டுத் தாமே திரைக்குப் பின்னால் போனார்.

இம்முறை எல்லாம் கலைந்தது. கறுப்புப் பெட்டிகளில் போட்டதையெல்லாம் அர்த்தநாரி விரிசல் என்றார். நெட்டைப் பெட்டிகளில் போட்டதையெல்லாம் நல்லது என்றார்.

"இது விரிசல்... இதும் விரிசல்தான்... இது! இதாம் மாப்ள முட்ட! என்ன கணீர்னு இருக்குது பாரு. எந்தப் பொட்டின்னு எனக்குத் தெரியாது. ஆனா இதையே வாங்கிரு."

திரைக்குப் பின்னால் கைலாசத்தின் முகம் இறுகியது. தம் சம்பந்தி வீட்டார் தள்ளிவிட நினைக்கும் விலை உயர்ந்த ஜோடியை அதன் குரலை வைத்தே அடையாளம் கண்டு, வேட்டியைத் தாண்டியும் விற்கிறார் இந்த மனிதர்! இனிக் கேட்டுவிட வேண்டியதுதான். வேட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், நேரே அடுக்களைக்குப் போய்க் கையில் மூன்று முட்டைகளோடு திரும்பினார். அவற்றில் ஒன்றைக் கரண்டிக் காம்பால் இலேசாகத் தட்டி விரிசல் விழச் செய்திருந்தார்.

"பொட்டியே வேண்டாம். இப்பச் சொல்லுங்க."

நல்ல முட்டைகள் இரண்டையும் தட்டினார். அர்த்தநாரியின் கண்கள் முட்டைகளின் மேல் இல்லை. அவை கைலாசத்தின் முகத்தில் நின்றன.

"நல்லதுதான்" என்றார், சற்றுப் பொறுத்து.

கைலாசம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு அதே இரண்டையும் மறுபடி தட்டினார். பின்னாலிருந்து பதில் வர நேரமாயிற்று.

"விரிசல்..." என்றது குரல். அதில் உறுதி இல்லை. "விரிசல்தான மாப்ள?"

கைலாசம் திரும்பவில்லை. கையிலிருந்தவை நல்ல முட்டைகள். இங்கே விற்பதற்குப் பெட்டி இல்லை. இந்த முட்டையை விரிசல் என்பதால் எந்தச் சம்பந்திக்கும் லாபம் இல்லை. பிறகு ஏன் பொய் சொல்ல வேண்டும்? எல்லா வழக்கிலும் அவர் கேட்கும் கேள்வி அதுதான். இங்கே அதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. இவர் பொய் சொல்லவில்லை. இவருக்குக் கேட்கவில்லை.

பட்டறையின் தகர ஓசை முப்பது வருடம் அந்தக் காதுகளில் விழுந்திருக்கிறது. கஞ்சிராவைக் காணோம் என்றது கதையல்ல. அவருக்கு அது காணாமல்தான் போயிருந்தது. மேல் ஓசைகள் அவரை விட்டுப் போயிருந்தன; அவற்றைக் கூட்டி அனுப்பும் நெட்டைப் பெட்டிகளில் மட்டுமே முட்டை அவருக்குக் கணீரென்றது. பெட்டி மங்கிவிட்டது என்று அவர் நிஜமாகவே நம்பியிருக்கலாம், அல்லது நம்ப விரும்பியிருக்கலாம். நண்பன் தலை அசைத்த பிறகு "ஆ" சொல்வதற்காகவே வாராவாரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரியாச் சொன்னீங்க மச்சான்" என்றார் கைலாசம். நல்ல முட்டைகளை விரிசலென்று அவர் ஒப்புக்கொண்டது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. "காப்பி குடிக்கலாம், வாங்க."

அர்த்தநாரியின் வண்டி புறப்பட்டபின் கலைமணி, அடுக்களையிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தவர், மேசைமேல் கைலாசம் வைத்துவிட்டுப் போன அந்த இரண்டு முட்டைகளை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல முட்டைங்களாச்சே இது. அண்ணனுக்குக் காது போச்சுங்களா?"

"ம்."

"கேட்டீங்களா அவர?"

"கேக்கல."

"ஆடு கத்துனாக்கூட ஏன் கத்துதுன்னு கேப்பீங்க. இத ஏனுங்க கேக்கல?"

"அவனாச் சொல்லட்டும் புள்ள. சொன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம். நானாக் கேட்டா அடுத்த ஞாயித்துக்கெழம வரமாட்டான்."

திங்கட்கிழமை காலையில் அவர் குமரனுக்குப் போன் செய்து, கறுப்புப் பெட்டிகளை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். நெட்டைப் பெட்டிகள் இங்கேயே நிற்கட்டும் என்றார்.

"சார், நீங்க அந்தக் கறுப்பத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சனுங்க" என்றார் குமரன்.

"ஏன், இதுல ஏதாச்சும் கோளாறு இருக்குதா?" என்று கைலாசம் உடனே கேட்டார். பழக்கம் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் அறையை மாற்றியமைத்தார். பெட்டிக்குள் மேல் ஓசைக்கென்றே இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரிலிருந்து வருவது டார்ச் வெளிச்சம்போல நேராகப் பாயும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் குறையும். ஆகவே இரு பெட்டிகளையும் அர்த்தநாரியின் நாற்காலியை நோக்கித் திருப்பி வைத்தார். தம் நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கினார். அங்கே அந்த மெருகு அவ்வளவாக உறுத்தவில்லை.

அர்த்தநாரி வந்ததும் பெட்டிகளைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு கைலாசத்தைப் பார்த்தார்.

"ஏ மாப்ள, உனக்கு இந்த நெட்டையப் புடிக்கவே இல்லயே. தராசுல கல்லக் கட்டுன மாதிரின்னு குமரங்கிட்ட நீதான சொன்ன?"

"இப்பப் புடிச்சிருக்குது."

"எல்லாம் என்ற பக்கமே திரும்பி நிக்குது?"

"தரை மட்டம் சரியில்லீங்க மச்சான். அப்படித்தான் நிக்கும்."

"நம்பற மாதிரி இல்லயே." அர்த்தநாரி கண்ணைச் சுருக்கினார். "எங்க குமரன் உன்ன என்னமோ பண்ணிட்டான். எதச் சொல்லி மடக்குனான்? நெசத்தச் சொல்லு."

"உக்காருங்க, பாட்டக் கேக்கலாம்."

புல்லாங்குழல் தொடங்கியது. கைலாசம் அன்றைய செய்தித்தாளை எடுத்து, தம் முகம் முழுதும் மறையும்படி விரித்துப் பிடித்துக்கொண்டார். எழுத்து ஒன்றும் மனத்தில் ஏறவில்லை. கச்சேரி தனி ஆவர்த்தனத்துக்குள் நுழைந்தது. மிருதங்கம் சொல்லிவிட்டு விலகியது. கஞ்சிரா பதில் சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தை நெருங்கியது. கைலாசம் தலையை அசைக்காமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு, தாளுக்குப் பின்னால் காத்திருந்தார்.

சில்லு சிலிர்த்தது.

"ஆ!" என்றார் அர்த்தநாரி.

கைலாசம் தாளைத் தாழ்த்தவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டார்.